ஆற்றைக் கடந்தால் குற்றவாளி: அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் துப்பாக்கி உரிமம்

ஜொகூர் பாருவில் எடுத்த வாகனமோட்டும் உரிமம் பெர்லிசில் செல்லாது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அமெரிக்காவிலும் வாகனமோட்டும் உரிமத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு மாநிலத்தில் எடுத்ததை மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொள்ளும். ஆனால், கைத்துப்பாக்கியை இடுப்பிலோ கைப்பையிலோ மறைத்து எடுத்துச் செல்வதற்கான உரிமத்தின் கதை வேறு.

2013-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு மாது, தம் மாநிலம் கொடுத்த உரிமத்தோடும் துப்பாக்கியோடும் பக்கத்து மாநிலமான நியூஜெர்சிக்குள் காரில் சென்றார். இரு மாநிலங்களுக்கும் நடுவே ஓர் ஆறுதான். சாலை விதிமீறலுக்காக போலீஸ் காரை நிறுத்தியபோது, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, உரிமமும் இருக்கிறது" என்ற விவரத்தை அவரே முன்வந்து சொன்னார். அந்த உரிமத்தை நியூஜெர்சி ஏற்பதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அங்கேயே கைதானார். குற்றம் நிரூபணமானால் பல ஆண்டுச் சிறை என்ற நிலை. மறைக்காமல் உண்மையைச் சொன்னவருக்கா இந்தக் கதி என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்தது. கடைசியில் 2015-இல் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி பொதுமன்னிப்பு வழங்கினார்.

ஒரே நாட்டுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு? ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-லேயே கொடுத்துவிட்டது. ஆனால், அதை யார், எங்கே, எப்படி எடுத்துச் செல்லலாம் என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்கின்றன. வெர்மோண்ட் என்ற சிறு மாநிலம் அதற்கு உரிமமே கேட்டதில்லை. அதற்கு நேர் எதிராக, இல்லினாய் 2013 வரை பொதுமக்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல வழியே வைக்கவில்லை. நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொன்ன பிறகுதான் உரிமம் வழங்கச் சட்டம் இயற்றியது.

நியூயார்க்கின் நிலை இன்னும் சுவாரஸ்யமானது. நூறாண்டுக்கும் மேலாக அங்கே உரிமம் கேட்பவர் "தகுந்த காரணம்" காட்ட வேண்டியிருந்தது. பயமாக இருக்கிறது, ஊர் கெட்டுக் கிடக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது. தமக்கென்று தனிப்பட்ட ஆபத்து இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். கலிபோர்னியா, நியூஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகியவையும் ஏறக்குறைய இதே வழியில் சென்றன. 2022 ஜூன் 23-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஆறு நீதிபதிகள் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. சட்டம் கேட்கும் தகுதிகள் உள்ளவருக்கு உரிமத்தைக் கொடுத்தாக வேண்டும், அதிகாரியின் மனத்தைப் பொறுத்து மறுக்கக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நியூயார்க் விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் முதல் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்தது. 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி, நல்லொழுக்கத்துக்கு நான்கு பேரின் சான்று ஆகியவற்றை அது கேட்டது. டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரயில், மதுக்கூடம் எனத் துப்பாக்கி நுழையக்கூடாத இடங்களின் பட்டியலையும் நீட்டியது. கதவைத் திறக்கச் சொன்னது நீதிமன்றம். திறந்துவிட்டு வாசலில் பத்துப் பேரை நிறுத்தியது மாநிலம்!

டெக்சஸ் போனதோ எதிர்த் திசையில். அங்கு 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர் உரிமம் இல்லாமலேயே அதை மறைத்து எடுத்துச் செல்லலாம். புளோரிடா 2023-இல் இந்த வரிசையில் சேர்ந்தது. 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது, இப்படிப்பட்ட மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது. வயது வரம்பு மட்டும் சில மாநிலங்களில் 18, சிலவற்றில் 21.

உரிமம் வேண்டாம் என்பதால் எல்லா இடத்திலும் எடுத்துச் செல்லலாம் என்று பொருளில்லை. டெக்சசில் வருமானத்தின் பெரும்பகுதி, அதாவது 51 விழுக்காடோ அதற்கு மேலோ, அங்கேயே அருந்தும் மதுவிலிருந்து வரும் கடைக்குள் துப்பாக்கியுடன் நுழைய முடியாது. போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை உடனே சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா என்பதிலும் மாநிலங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

உரிமம் கேட்காத டெக்சசும் புளோரிடாவும் விரும்பிக் கேட்பவர்களுக்கு இன்றும் அதைக் கொடுத்துதான் வருகின்றன. காரணம் பயணம். தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட மாநிலங்கள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்கும். வெளிமாநிலத்தவர் உரிமத்தைக் காட்டினால்தான் அனுமதிக்கும் மாநிலங்களும் உண்டு. வெர்மோண்ட் உரிமமே கொடுப்பதில்லை என்பதால், அங்குள்ளவர் வெளியூரில் காட்டுவதற்குச் சொந்த மாநிலத்துச் சீட்டு எதுவும் இல்லை. நியூயார்க், நியூஜெர்சி, கலிபோர்னியா போன்றவையோ வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை.

வழிப்போக்கருக்கு 1986-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க ஒருவருக்கு உரிமை இருந்தால், நடுவில் உள்ள மாநிலத்தை அவர் கடந்து போகலாம். ஆனால், துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. அது கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கைப்பையில் வைத்திருந்தால் இந்தச் சட்டம் உதவாது. ஒரு மாநில உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டில் நின்றுபோனது.

அமெரிக்காவுக்குப் படிக்கவோ உறவினரைப் பார்க்கவோ போகும் மலேசியர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாணவர் விசா, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டமே தடுக்கிறது. வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. டெக்சசில் உரிமம் தேவையில்லை என்று நண்பர் சொல்வது அவருக்குப் பொருந்தும், விசாவில் போனவருக்குப் பொருந்தாது. நிரந்தரவாசத் தகுதி பெற்ற மாமாவோ அண்ணனோ சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். அவருடைய காரை இரவல் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர், முன்னிருக்கைப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நினைவுப் பொருளாக ஒரு தோட்டாவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கோலாலம்பூர் திரும்பும் எண்ணமும் வேண்டாம். தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு நம் நாட்டுக் கெடுபிடி தெரிந்திருக்கும். உரிமமின்றி ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் குற்றம். துப்பாக்கியே பிடிபட்டால், 1971-ஆம் ஆண்டின் கடுமையான சட்டம் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது.