சொல்லும் ஒரு மருந்தே: தொழுநோயைப் பற்றிப் பேசும் முறை

தோலில் உணர்ச்சியற்ற தேமல் தோன்றியும், ஊரார் என்ன பெயர் சூட்டுவரோ என அஞ்சி மருத்துவரை நாடத் தயங்குவோர் இன்றும் உளர். தயங்கும் காலத்தில் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. பின்னர் நோய் குணமானாலும் கைகால்களில் ஏற்பட்ட குறைபாடு முழுமையாக நீங்காது போகலாம்.

இத்தயக்கத்தைப் போக்கச் சொல்லை மாற்றிய நாடு பிரேசில். நோய்க்கிருமியை 1873இல் கண்டறிந்த நார்வே மருத்துவர் ஹான்சனின் பெயராலேயே அங்கு இந்நோய் வழங்கப்படுகிறது. பழைய இழிசொல்லை அரசு ஆவணங்களில் பயன்படுத்தலாகாது என 1995இல் சட்டமும் இயற்றப்பட்டது. அங்கு 1981இல் தோன்றிய 'மொர்ஹான்' என்னும் தன்னார்வ அமைப்பு, நோயால் பாதிக்கப்பட்டோரின் உரிமைகளுக்காகப் பாடுபட்டு வருகிறது.

தமிழில் 'குஷ்டரோகி' என்னும் சொல் மனிதரையே நோயாக்கிவிடுகிறது. 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்பது மனிதரை மனிதராகவே நிறுத்துகிறது. இச்செய்தி ஊடகத்துக்கு ஊடகம் வடிவம் மாறலாம். மதிப்பு மட்டும் குறையலாகாது.

அச்சிட்ட கையேடு: இடம் உண்டு; முழுத்தொடரையே எழுதலாம்.

சுவரொட்டி: இடம் குறைவு என்பதற்காக இழிசொல்லுக்குத் திரும்ப வேண்டியதில்லை. 'தொழுநோய் குணமாகும், மருந்து இலவசம்' என்றால் போதும். சிதைந்த விரல்களின் படத்தைத் தவிர்த்து, ஒப்புதல் பெற்று, பணியில் இருக்கும் ஒருவரின் முகத்தைக் காட்டலாம்.

வானொலி: கேட்பவர் திரும்பிப் படிக்க இயலாது. 'தேமலைத் தொட்டால் உணர்ச்சி இல்லையா? மருத்துவரிடம் காட்டுங்கள்' எனச் சிறு தொடர்களாகச் சொல்லுதல் நன்று.

கைப்பேசிச் செய்தி: பிறர் கண்ணிலும் படக்கூடும். 'நாளை மருந்து பெறும் நாள்' என்பதோடு நிறுத்துக; நோயின் பெயர் வேண்டா.

வீடு: அண்ணன் அண்ணனே, அத்தை அத்தையே. கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடுகிறது. ஆகவே தனித் தட்டும் தனிப் பாயும் தேவையில்லை. சொல்லை மாற்றிவிட்டுத் தட்டைப் பிரித்து வைத்தால், மாற்றிய சொல்லுக்குப் பொருளில்லை.

நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் சிகிச்சை நிறைவுறும். அதன்பின் அவரை 'நோயாளி' என்று அழைப்பதற்கு மருத்துவ முறைப்படியும் காரணமில்லை. பெயர் சொல்லி அழையுங்கள், அதுவே போதும்.