வீட்டுக் கணக்கு சாஃப்ட்வேர்: வருடா வருடம் பணம் கட்டலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் பாட்டு கேட்போம், கேம்ஸ் ஆடுவோம். இரண்டாவது மாதம், "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, வீட்டுக் கணக்கையாவது இதில் எழுதலாமே" என்ற எண்ணம் வரும். இன்டர்நெட்டில் தேடினால் அழகழகான படங்களோடு பர்சனல் ஃபைனான்ஸ் சாஃப்ட்வேர்கள் வரிசை கட்டி நிற்கும். பெரும்பாலானவை சந்தா கேட்கும். கட்டலாமா, வேண்டாமா? நான்கு முறை கட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. முன்பெல்லாம் இத்தகைய சாஃப்ட்வேரை சிடியில் ஒரு முறை விலை கொடுத்து வாங்கினால் போதும். மைக்ரோசாஃப்ட் மணி அப்படித்தான் இருந்தது. 2009-ல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். ஆனால் பழைய ஃபைல்களைத் திறந்து தொடர்ந்து கணக்கு எழுத 2010-ல் ஒரு இலவசப் பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குயிக்கன் 2017 கடைசியில் சந்தா முறைக்கு மாறியது. ஒய்.என்.ஏ.பி. அதற்கும் முன்பே, 2015 டிசம்பரில் மாறியது. ஆரம்பத்தில் வருடத்திற்கு 50 டாலர் வாங்கிய அது, 2024-ல் 109 டாலருக்கு வந்தது. நம் பணத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல்! மளிகைக் கணக்கு எழுத ஒன்பதாயிரமா என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

எதற்காக சந்தா?

வெறும் பேராசை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் இந்த சாஃப்ட்வேர்கள் உங்கள் பாங்க் கணக்கோடும் கிரெடிட் கார்டோடும் நேரடியாக இணைந்து, தினமும் வரவு செலவுகளைத் தாமே டவுன்லோடு செய்துகொள்கின்றன. இந்த இணைப்பைச் செய்து தரும் இடைநிலை நிறுவனங்களுக்கு அவர்கள் தொடர்ந்து பணம் கொடுக்க வேண்டும். ஏழெட்டு கார்டு வைத்திருக்கும் அமெரிக்கருக்கு இது மாதம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அவருக்குச் சந்தா லாபம்தான்.

நமக்கு? ஒய்.என்.ஏ.பி.யின் நேரடி பாங்க் இணைப்பு அமெரிக்கா, கனடா, ஐரோப்பா போன்ற இடங்களுக்குத்தான். இந்திய பாங்க் கணக்கு வைத்திருப்பவர் எல்லாவற்றையும் கையால்தான் டைப் செய்ய வேண்டும், அல்லது பாங்க் தரும் ஸ்டேட்மென்டை ஃபைலாக இறக்கி இம்போர்ட் செய்ய வேண்டும். விலையின் பெரும்பகுதி எந்த வசதிக்காகவோ, அந்த வசதியே நமக்கு இல்லை. இந்தியாவில் இதற்காக ரிசர்வ் பாங்க் அனுமதி பெற்ற அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை 2021-ல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் சம்மதத்தின் பேரில் மட்டும் விவரம் போகும். நெட் பாங்கிங் பாஸ்வேர்டு தேவையில்லை. பாஸ்வேர்டையே கேட்கும் சாஃப்ட்வேர் எதுவானாலும் அன்றே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

என் அனுபவம்

2022-ல் நான் ஒரு சாஃப்ட்வேருக்கு (பெயர் வேண்டாம்) வருடம் 2,400 ரூபாய் கட்டினேன். முதல் வருடம் நிஜமாகவே உபயோகமாக இருந்தது. பூட்டிக் கிடந்த ஊர் வீட்டின் டிடிஎச் இணைப்புக்கு மாதா மாதம் ரீசார்ஜ் போய்க்கொண்டிருந்ததை அதன் ரிப்போர்ட்தான் காட்டிக் கொடுத்தது. சந்தாவில் பெரும்பகுதி அதிலேயே திரும்பி வந்தது. இரண்டாம் வருடமும் மகிழ்ச்சியாகக் கட்டினேன். மூன்றாம் வருடம் நான் கட்டவில்லை. கார்டிலிருந்து அதுவாகவே போய்விட்டது. தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து விதி. தகவல் வந்தது, நான்தான் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டேன். 15,000 ரூபாய் வரை ஓடிபி கூட கேட்காது, ஜாக்கிரதை.

2025-ல் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து தங்கை போன் செய்தாள். "அண்ணா, 2023-ல் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் யார் எவ்வளவு போட்டோம்? தம்பி ஒரு கணக்கு சொல்கிறான், நான் ஒன்று நினைத்திருக்கிறேன்." எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு சாஃப்ட்வேரைத் திறந்தால், 'புதுப்பிக்கவும்' என்ற ஒரே பட்டன். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டும் வசதி இல்லை. நான் டைப் செய்த கணக்கை நானே பார்க்க மறுபடி 2,400 ரூபாய். கட்டினேன். வேறு வழி? கூடப்பிறந்தவர்களுக்குள் சந்தேகம் வளர விடுவதா?

அன்றே எல்லாவற்றையும் சிஎஸ்வி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்தேன். அதிலும் ஒரு சிக்கல். ஆஸ்பத்திரி பில்லை கிரெடிட் கார்டில் கட்டியது ஒரு செலவு. அடுத்த மாதம் அந்தக் கார்டு பில்லைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டியது இன்னொரு செலவு. ஒரே பணம் இரண்டு முறை! தம்பியின் கணக்கு இடித்ததும் இதனால்தான். மாதாமாதம் நான் அனுப்பிய ரிப்போர்ட்டை வைத்து அவன் கூட்டியிருந்தான். புதிதாகக் கணக்கு எழுதுபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். கார்டு பில் கட்டுவது செலவல்ல, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது.

இலவசமாக என்ன கிடைக்கிறது?

ஜிஎன்யூகேஷ் (குனுகேஷ் என்றும் சொல்கிறார்கள்) முற்றிலும் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இரட்டைப் பதிவு முறை என்பதால் மேலே சொன்ன கார்டு குழப்பம் அதில் எளிதில் வராது. முதல் வாரம் தலை சுற்றும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஹோம்பேங்க் அதைவிட எளிது. இரண்டும் வேண்டாமென்றால் எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். தேதி, விவரம், வகை, வரவு, செலவு என்று ஐந்து காலம் போடுங்கள். மாதக் கடைசியில் பைவட் டேபிள் செய்தால் வகைவாரியாகக் கூட்டித் தந்துவிடும்.

இலவசம் என்றால் நிரந்தரம் என்றும் அர்த்தமில்லை. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் உபயோகித்த இலவச மின்ட் சேவையை 2009-ல் இன்ட்யூட் நிறுவனம் 17 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 மார்ச்சில் மூடிவிட்டது. ஆகவே உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே ஃபைலை வைக்கும் புரோகிராம்தான் என் முதல் தேர்வு. பென் டிரைவில் ஒரு காப்பியும் இருக்கட்டும்.

சந்தா சாஃப்ட்வேரைத்தான் பார்க்க வேண்டுமென்றால், முதலில் இலவச டிரையலை எடுங்கள் (ஒய்.என்.ஏ.பி. 34 நாள் தருகிறது). முதல் நாளே பத்து வரி டைப் செய்து, எக்ஸ்போர்ட் செய்து, அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். தேதியும் தொகையும் படிக்க முடிகிற மாதிரி இருக்கிறதா? சந்தா முடிந்தபின் பழைய கணக்கைப் பார்க்க விடுவார்களா என்பதை விதிமுறைகளில் தேடிப் படியுங்கள். இவை சரியாக இருந்து, செலவு எங்கே போகிறதென்றே தெரியாத நிலையில் நீங்கள் இருந்தால், ஒரு வருடம் கட்டிப் பார்ப்பதில் தவறில்லை. கட்டிய அன்றே ஆட்டோ ரினியூவலை நிறுத்திவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் தங்கைக்கு நான் 3,150 ரூபாய் தர வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டேன். மீதி வருடங்களை ஜிஎன்யூகேஷுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். 2024 மட்டும் பாக்கி.