கிராங்க்ஷாஃப்ட் முறிவும் ஃபயரிங் ஆர்டரும்



திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டுப் பொன்மலையைத் தெரியாது என்று சொல்ல முடியுமா? 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ரயில்வே பணிமனை அது. டீசல் லோகோக்களைப் பிரித்து ஓவர்ஹால் செய்வதில் பல்லாண்டு அனுபவம் உள்ள இடம். கார்டு லைன் மின்மயமாகும் முன், காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குள் நுழைந்த வண்டிகளை இழுத்த டபிள்யூ.டி.எம்.2 நினைவிருக்கிறதா? அதற்குள் இருந்தது ஆல்கோ 251 என்ஜின். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், 1000 ஆர்.பி.எம்.

அதன் ஃபயரிங் ஆர்டரில் வலது, இடது இரண்டையும் சேர்த்து வரிசையாகச் சொன்னால் 1-4-7-6-8-5-2-3. சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே கோணம் 45 டிகிரி. 720-ஐ 16-ஆல் வகுத்தாலும் 45. ஆகவே ஒரே கிராங்க்பின்னில் வலது அடித்த 45 டிகிரியில் இடது அடிக்கும், பிறகு அடுத்த பின்னுக்குப் போகும். இந்த அடிகள்தான் ஷாஃப்டை முறுக்குகின்றன.

கூடத்து ஊஞ்சலைப் பாருங்கள். ஓங்கித் தள்ள வேண்டியதில்லை. அது வரும் நேரம் பார்த்து விரலால் தொட்டாலே உயரப் போய்விடும். ஷாஃப்டுக்கும் அப்படி ஒரு இயல்பான முறுக்கு அதிர்வு உண்டு. சிலிண்டர் அடிகள் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும் வேகமே கிரிட்டிகல் ஸ்பீடு. நீளமான ஷாஃப்டில் இந்தத் தாளம் மெதுவாக இருப்பதால், ஓடும் வேகத்துக்குள்ளேயே வந்து மாட்டிக்கொள்ளும்.

சரி, ஃபயரிங் ஆர்டரை மாற்றினால் தப்பிக்கலாமா? ஆறு சிலிண்டர் லைன் என்ஜினை வைத்து நாமே கணக்குப் போடுவோம். 1-6, 2-5, 3-4 ஜோடிகள் ஒரே கோணத்தில் நிற்கின்றன. ஷாஃப்டைத் தொடாமல் கேம்ஷாஃப்டையும் பம்ப் டைமிங்கையும் மட்டும் மாற்றி நான்கு ஆர்டர்கள் வைக்கலாம். ஃப்ளைவீல் பக்கம் அசைவு குறைவு, முன்முனையில் அதிகம். தோராயமாக 1-வது சிலிண்டருக்கு 6, 2-வதற்கு 5, இப்படியே 6-வதற்கு 1 என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு நாலரை முறை வரும் அதிர்வில், ஒன்றுவிட்டு ஒன்று அடிக்கும் சிலிண்டர்கள் ஒரே பக்கமும், மற்றவை எதிர்ப்பக்கமும் தள்ளும்.

நம்ம பஸ், லாரியில் பழகிய 1-5-3-6-2-4-ல் ஒரு பக்கம் 1, 3, 2 (6+4+5=15), எதிரே 5, 6, 4 (2+1+3=6). மிச்சம் 9. அதையே 1-2-4-6-5-3 ஆக்கினால் 11-க்கு எதிரே 10. மிச்சம் வெறும் 1!

அப்புறம் ஏன் எல்லோரும் அதையே வைப்பதில்லை என்று கேட்பீங்க. அதில் 1-ம் 2-ம், 6-ம் 5-ம் பக்கத்துப் பக்கத்தில் அடுத்தடுத்து அடிக்கின்றன. நடுவில் இருக்கும் மெயின் பேரிங் பாடு திண்டாட்டம். மானிஃபோல்டிலும் காற்றுக்குச் சண்டை. அதைவிட முக்கியம், ஒரு சுற்றுக்கு 3, 6 முறை வரும் அதிர்வுகளில் ஆறு சிலிண்டரும் ஒரே பக்கம் தள்ளும். மொத்தம் 21. எந்த ஆர்டர் வைத்தாலும் அதே 21-தான். கிரிட்டிகல் ஸ்பீடும் இம்மி நகராது, ஏனென்றால் அது ஷாஃப்டின் விறைப்பையும் எடையையும் பொறுத்தது. அதனால்தான் முன்முனையில் டாம்பர் மாட்டுகிறார்கள்.

ஆர்டரால் தீராத ஒரு கேஸ்: அமெரிக்காவின் ஷோர்ஹாம் அணுமின் நிலையம். அவசரத்துக்கு என்று வைத்த எட்டு சிலிண்டர் டீசல் ஜெனரேட்டர்கள் மூன்று. 1983 ஆகஸ்டில் சோதனை ஓட்டத்திலேயே ஒன்றின் கிராங்க்ஷாஃப்ட் முறிந்தது. மற்ற இரண்டிலும் விரிசல். பரிகாரமாக 11 அங்குல கிராங்க்பின்னுக்குப் பதில் 12 அங்குலம் உள்ள ஷாஃப்ட் போட்டார்கள். விட்டத்தின் மும்மடிக் கணக்கில் முறுக்கைத் தாங்கும் வலு சுமார் 30 சதவீதம் கூடும். ஒரு அங்குலம், அவ்வளவுதான்!

முறிந்த ஷாஃப்ட் கைக்கு வந்தால் முதலில் முகத்தைப் பாருங்கள். ஆயில் துளையிலோ ஃபில்லட்டிலோ தொடங்கி 45 டிகிரியில் சுற்றிப் போயிருந்தால் முறுக்கு அதிர்வு, டாம்பரைச் சந்தேகிக்கலாம். வெப் வழியாகக் குறுக்கே நேராகப் போயிருந்தால் வளைவு. மெயின் பேரிங்கும் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். காவிரி மணலில் தண்ணீர் வடிந்த கோடு மாதிரி வரி வரியாக இருந்தால், அது ஒரே நாளில் உடைந்ததல்ல.