வாடிய செடிக்கு உரம் போடலாமா?

“டீச்சர், உரம் போட்ட பிறகுதான் இன்னும் மோசமாகிவிட்டது!”

இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி கறிவேப்பிலைச் செடியைப் பூச்சட்டியோடு அறிவியல் கூடத்துக்குத் தூக்கி வந்திருந்தாள். அது அவள் பாட்டி வைத்த செடி. பாட்டி இப்போது இல்லை. இலைகள் தொங்கிப் போயிருந்தன. நுனிகள் தீய்ந்தது போல் பழுப்பாக இருந்தன. செடி வாடியதும் இவள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அப்படியும் தேறாததால் மூன்று கரண்டி நீல நிற மணி உரம். அடுத்து, ‘வைட்டமின் பி1’ என்று எழுதிய ஒரு போத்தல் வளர்ச்சி ஊக்கி. எல்லாம் பாசத்தால் செய்ததுதான்.

செடியை மெல்லச் சட்டியிலிருந்து கழற்றினோம். நல்ல வேர் வெண்மையாக, உறுதியாக இருக்கும். இங்கே பெரும்பாலான வேர்கள் பழுப்பாகிக் குழைந்திருந்தன. சாக்கடை நாற்றம் வேறு. சட்டியின் கீழிருந்த தட்டில் தண்ணீர் தேங்கியே இருந்திருக்கிறது. (செடியை விடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.)

மாணவர்களே, வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. அந்த இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால், ஆக்சிஜன் வந்து சேர்வது மிகக் கடினம். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுத் திணறிய வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் ஈரமாக இருந்தும் இலை வாடுகிறது. பார்ப்பதற்குத் தாகம் போலவே இருக்கும். நாம் இன்னும் ஊற்றுவோம்!

உரம் என்ன செய்தது? வெள்ளரிக்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தட்டில் நீர் கோத்திருக்கும், துண்டுகள் துவண்டிருக்கும். இதுதான் சவ்வூடு பரவல். செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கி நீர் சவ்வின் வழியே செல்கிறது. வழக்கமாக வேர்ச் செல்லுக்குள்தான் செறிவு அதிகம். அதனால் மண்ணின் நீர் உள்ளே வரும். இரசாயன உரங்கள் பெரும்பாலும் உப்புகளே. அளவு கூடினால் மண்ணில் செறிவு ஏறி, வேருக்கு நீர் கிடைப்பது நின்றுபோகும். உள்ளே இருப்பதும் வெளியேறலாம். மிச்சமிருந்த நல்ல வேர்களையும் அந்த மூன்று கரண்டி விட்டுவைக்கவில்லை.

‘உரம் செடியின் சாப்பாடு’ என்று பலர் நினைப்பதே இதற்கெல்லாம் காரணம். வான் ஹெல்மான்ட் என்பவரின் சோதனை ஒன்று 1648இல் நூலாக வெளிவந்தது. 90 கிலோ உலர்ந்த மண்ணில் அவர் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கன்று சுமார் 2 கிலோவிலிருந்து 77 கிலோ மரமானது. மண் இழந்ததோ ஏறக்குறைய 57 கிராம்! மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தது தவறு. காற்றின் கார்பன் டை ஆக்சைடைச் செடி பயன்படுத்துகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் மண்ணிலிருந்து செடி எடுப்பது மிகக் கொஞ்சம் என்பது உண்மை. அந்தக் கொஞ்சம் இல்லாமலும் முடியாது. நைட்ரஜன் குறைந்தால் முதலில் கீழுள்ள முதிர்ந்த இலைகள் மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அத்தகைய செடிக்குச் சத்து கொடுப்பது சரி, வேர் நலமாக இருந்தால்.

வைட்டமின் பி1 கதை சுவையானது. 1930களில், செடியிலிருந்து வெட்டியெடுத்த வேர்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த ஆய்வாளர்கள், பி1 சேர்த்தால்தான் அவை தொடர்ந்து வளர்கின்றன என்று கண்டனர். ஆனால் முழுச் செடி தனக்கு வேண்டிய பி1-ஐ இலைகளிலேயே தயாரித்து வேருக்கு அனுப்பிக்கொள்கிறது. குடுவைக்குள் இருந்த வேருக்கு இலை இல்லை, அவ்வளவுதான். சில ஊக்கிகளில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் இருக்கும். மிகச் சிறிய அளவில் அது வேர்விட உதவும். மிஞ்சினால் வேரின் வளர்ச்சியையே தடுக்கும். 2,4-டி என்ற களைக்கொல்லியே ஒரு செயற்கை ஆக்சின்தான்!

நாங்கள் வேர்களைக் கழுவி, அழுகியவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டினோம். குறைந்த வேருக்கு ஏற்ப இரண்டு கிளைகளையும் குறைத்தோம். பிறகு சிறிய சட்டியில், பருமணல் கலந்த புது மண்ணில் நட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்தோம். மண்ணில் விரலை இரண்டு கணுவரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம் கிடையாது. வேர் அழுகாமல், உரம் மட்டும் கூடிவிட்ட செடியாக இருந்தால் வேலை இன்னும் எளிது. மேலே கிடக்கும் மணிகளைப் பொறுக்கிவிட்டு, அடித்துளை வழியே நன்றாக வடியும்படி நிறையத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடலாம்.

முதல் மூன்று வாரம் செடியில் ஓர் அசைவும் இல்லை. மேலும் இரண்டு இலைகள்தான் உதிர்ந்தன. போய்விட்டது என்றே நினைத்தேன், அவளிடம் சொல்லவில்லை. ஐந்தாம் வாரம் தண்டின் நடுவில் அரிசி அளவில் ஒரு பச்சைப் புள்ளி. இப்போது அது விரல் நீளத் துளிர். இன்னும் சில இலைகள் விரிந்ததும், பொட்டலத்தில் சொன்னதில் பாதி அளவு உரம் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். திங்கள்தோறும் வந்து, “இன்றைக்குப் போடலாமா டீச்சர்?” என்று கேட்கிறாள்.