மிதிச்சா ஒரு நொடி திணறுதா உங்க கார்? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

பெரியபட்டினத்திலிருந்து கிளம்பி ராமேஸ்வரம் நெடுஞ்சாலையைப் பிடித்தாயிற்று. முன்னால் ஒரு லாரி. எதிரே சாலை காலியாகத் தெரிகிறது. இண்டிகேட்டர் போட்டு, வலதுபக்கம் ஏறி, ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். கார் பாயவில்லை. மூச்சைப் பிடித்ததுபோல ஒரு நொடி நின்றுவிட்டு, அப்புறம்தான் இழுக்கிறது.

அந்த ஒரு நொடி சாதாரண விஷயமில்லை. 80 கி.மீ வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் சுமார் 22 மீட்டரைக் கடக்கும். எதிரே வரும் பஸ்ஸும் அதே வேகத்தில் வந்தால், இரண்டுக்கும் நடுவே ஒரே நொடியில் 44 மீட்டர் குறைந்துவிடும். ஓவர்டேக் செய்யும்போது கணக்கு தப்புவது இங்கேதான்.

மாடிஃபை செய்த கார்களில் இந்தத் திணறல் அதிகம் கேட்கப்படும் புகார். ஃபில்டர், எக்ஸாஸ்ட், டர்போ, இசியு ட்யூனிங் என்று பணத்தைக் கொட்டிய பிறகும் கார் திணறினால், பலர் அடுத்ததாக இன்னொரு பார்ட்டை வாங்குகிறார்கள். வாங்க வேண்டியது பார்ட் இல்லை. முதலில் கண்டுபிடிக்க வேண்டியது காரணம்.

கோவை சொல்லித்தரும் பாடம்

சாதாரண காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றுவது எப்படி என்பதற்கு நம்மூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி கார்களைக் கொண்டுவந்தது. வழக்கமான பெட்ரோல் டியாகோவின் பவர் 85 பிஎஸ். ஜேடிபி-யில் 1.2 லிட்டர் டர்போ இன்ஜின். பவர் 114 பிஎஸ், டார்க் 150 நியூட்டன் மீட்டர்.

இன்ஜினை மட்டும் மாற்றி அவர்கள் நிறுத்தவில்லை. கியர் விகிதம், காற்று உள்ளே வரும் பாதை, எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், டயர் என எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றப்பட்டன. அந்தக் கூட்டு முயற்சி 2020-ல் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் பாடம் அப்படியே இருக்கிறது: ஒன்றை மாற்றினால், அதோடு தொடர்புடைய மற்றவற்றையும் சரிசெய்ய வேண்டும். திணறல் பெரும்பாலும் அப்படிச் சரிசெய்யாமல் விட்ட இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் நேரடியாகத் திறப்பது காற்றுக்கான வாசல். அதற்குத் தகுந்த பெட்ரோல் உடனே வந்து சேர வேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது எடைக் கணக்கு. முழு வேகத்தில் இழுக்கும்போது பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

வாசல் சட்டென்று திறந்தால் காற்று பாய்ந்து வந்துவிடும். பெட்ரோல் சற்றுப் பின்தங்கும். பழைய கார்புரேட்டர் கார்களில் இதைச் சமாளிக்கவே, மிதித்த உடன் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும் சின்ன பம்ப் இருந்தது. இன்றைக்கு அந்த வேலையை இசியு, சென்சார்கள் தரும் தகவலை வைத்துச் செய்கிறது. தகவல் தப்பானால் பெட்ரோல் அளவும் தப்பும். கார் திணறும்.

முதலில் பிரித்துப் பாருங்கள்

டர்போ லேக் வேறு, திணறல் வேறு. லேக் என்றால், குறைந்த ஆர்பிஎம்மில் டர்போ சுழன்று வேகம் பிடிக்கும்வரை கார் மந்தமாக இருந்து, பிறகு சீராக இழுக்கும். பெரிய டர்போ போட்டால் இது கூடும், அது பழுதல்ல. அழுத்தியதும் வெட்டுவது, குலுங்குவது, இழுத்துக்கொண்டிருக்கும்போதே பவர் விழுவது ஆகியவைதான் பழுதின் அடையாளம்.

மெக்கானிக்கிடம் போகும் முன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடானபிறகா? எந்த கியர், எத்தனை ஆர்பிஎம்? லேசாக மிதித்தாலா, முழுசாக மிதித்தாலா? எந்த வேலை செய்தபிறகு ஆரம்பித்தது? இந்தப் பதில்கள் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வரிசையாகச் சோதிக்க வேண்டியவை

1. ஸ்கேனர்: 2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பதிவான கோடுகளை உடனே அழித்துவிடக் கூடாது. முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். 'ஃப்யூல் ட்ரிம்' என்ற அளவு 10 சதவிகிதத்துக்கு மேல் கூடியிருந்தால், இன்ஜினுக்குப் பெட்ரோல் பற்றவில்லை என்று இசியு தானே கூட்டிக் கொடுக்கிறது என்று அர்த்தம். ஐடிலில் மட்டும் அதிகமாக இருந்தால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். மிதிக்க மிதிக்கக் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது காற்றை அளக்கும் சென்சார் பக்கம் பார்க்க வேண்டும்.

2. காற்றுக் கசிவு: ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர் இணைப்புகள். மாடிஃபை செய்யும்போது அதிகம் கழற்றி மாட்டப்படுபவை இவைதான். கண்ணுக்குத் தெரியாத கசிவை, குழாய்க்குள் புகை செலுத்திப் பார்க்கும் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

3. காற்றை அளக்கும் சென்சார்: எண்ணெய் தடவிய ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எண்ணெய் அதிகமானால் சென்சாரில் படிந்து அளவைக் கெடுக்கும். சுத்தம் செய்ய இதற்கென்றே ஸ்ப்ரே இருக்கிறது. துணி வைத்துத் துடைத்தால் உள்ளிருக்கும் மெல்லிய கம்பி போய்விடும்.

4. த்ராட்டில் பாடி, பெடல்: இப்போதைய கார்களில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது, மின்சிக்னல்தான். பாதுகாப்புக்காகச் சென்சார்கள் இரட்டையாக இருக்கும். இரண்டும் வெவ்வேறு அளவு சொன்னால் இசியு பவரைக் குறைத்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை: கடைகளில் விற்கும் 'த்ராட்டில் கன்ட்ரோலர்' பெட்டி பெடல் சிக்னலை மட்டுமே மாற்றுகிறது. அது பவரைக் கூட்டாது, பழுதையும் சரிசெய்யாது.

5. ஸ்பார்க் ப்ளக், காயில்: டர்போ அழுத்தம் கூடும்போது பொறி பாய அதிக வோல்டேஜ் தேவை. ப்ளக் இடைவெளி அதிகமாக இருந்தாலோ காயில் பலவீனமாக இருந்தாலோ, முழுசாக மிதிக்கும்போது மட்டும் வெட்டும்.

6. பெட்ரோல்: இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் எரிய அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். பழைய பெட்ரோலை வைத்து எழுதிய ட்யூனிங் இதற்குப் பற்றாமல் போகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நாட்டுப்படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கைக் கேட்டாலே சொல்லிவிடுவார். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் கார்களுக்கு இது முக்கியம்.

7. ட்யூனிங்: மேலே உள்ள எதிலும் பிடிபடாவிட்டால், கம்பெனியின் பழைய மென்பொருளை ஏற்றிப் பாருங்கள். திணறல் போய்விட்டால் குற்றவாளி ட்யூனிங்தான். அதை எழுதியவரே சரிசெய்ய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது முக்கியம். மூன்றைச் சேர்த்து மாற்றினால், கார் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கு

பெரியபட்டினம், மண்டபம், பாம்பன் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு சந்தேகப் புள்ளியும் உண்டு. உப்புக்காற்றால் ஒயர் கனெக்டர்களிலும் எர்த் இணைப்புகளிலும் பச்சை பூக்கும். சென்சார் நன்றாக இருக்கும். சிக்னல்தான் விட்டுவிட்டு வரும். சென்சாரை மாற்றும் முன் கனெக்டரைக் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தனுஷ்கோடி மணற்காற்றில் போய் வந்தால் ஏர் ஃபில்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வாகனம் மாறக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றத்தைச் சொல்லாமல் இருந்தால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கேட்பதிலும் சிக்கல் வரலாம். பந்தய ஆசை உள்ளவர்களுக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் முறையான டிராக்குகள் இருக்கின்றன.

திணறலைச் சோதிக்கிறேன் என்று பொதுச்சாலையில் முழு வேகத்தில் விரட்டவும் வேண்டாம். அதற்குத்தான் டைனோ இருக்கிறது. கார் உருளைகள் மேல் நின்ற இடத்திலேயே ஓடும், அளவுகள் திரையில் தெரியும். பழுது சரியாகும்வரை ஒரு பழக்கம் போதும்: குடும்பத்தோடு போகும்போது ஓவர்டேக்கைத் தவிர்த்துவிடுங்கள். லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் பொறுமையாகப் போனால் ராமேஸ்வரம் எங்கேயும் ஓடிவிடாது!