சூடோ பாஸ்வேர்ட்: கல்லா சாவி யார்கிட்ட?

லினக்ஸ் பத்திப் பேசினாலே எனக்கு வர்ற கேள்வி: "சூடோ சும்மா சும்மா பாஸ்வேர்ட் கேக்குதே, நிறுத்த முடியாதா?" முடியும். ஆனா எதை நிறுத்துறோம்னு தெரிஞ்சு நிறுத்தணும்.

வேலூர் லாங் பஜார்ல ஒரு மொத்த வியாபாரக் கடையை நினைச்சுக்கோங்க. கல்லா சாவி முதலாளிகிட்ட. கம்ப்யூட்டர்ல அந்தச் சாவிதான் ரூட் அதிகாரம். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான சூடோ, சாவியைக் கொடுக்காமலே குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யவிடும். அது கேட்பது ரூட் பாஸ்வேர்டை இல்ல, உங்க சொந்த பாஸ்வேர்டை. 'கீபோர்டில் இருக்கிறது நீங்கதானா?' அவ்வளவுதான் கேள்வி.

ஒருமுறை பதில் சொன்னா, அதே டெர்மினலில் கொஞ்ச நேரம் மறுபடி கேட்காது. சூடோவின் இயல்பு அளவு 5 நிமிடம், உபுண்டுவில் 15. கூட்டம் நெரியும் கடையில், டீ குடிக்கப் போற நேரத்துக்கு 15 நிமிடம் ரொம்ப அதிகம். 'டைம்ஸ்டாம்ப்_டைம்அவுட்' மதிப்பை 0 ஆக்கினா ஒவ்வொரு தடவையும் கேட்கும். இல்லைனா, எழுந்திருக்கும்போது 'சூடோ -கே' அடிச்சா அந்த அனுமதி உடனே ரத்து.

சரி, பில் பிரிண்டர் அடிக்கடி மக்கர் பண்ணுது. பில் போடுற தம்பி பிரிண்ட் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும். ஒவ்வொரு தடவையும் முதலாளியைத் தேட முடியுமா? இங்கேதான் பலர் எல்லாக் கட்டளைக்கும் பாஸ்வேர்ட் வேண்டாம்னு எழுதிடறாங்க. அது கல்லாவைத் திறந்து போட்ட மாதிரி. தம்பியோட கணக்கில் யார் எதை ஓட்டினாலும், அது வைரஸாவே இருந்தாலும், தடுக்க ஆளில்லை.

அந்த ஒரு ரீஸ்டார்ட் கட்டளைக்கு மட்டும், முழுப் பாதையோட எழுதி விலக்கு கொடுங்க. டெக்ஸ்ட் எடிட்டருக்கு மட்டும் கொடுத்துடாதீங்க. அதை வெச்சு இந்த விதிகள் இருக்கிற சூடோயர்ஸ் கோப்பையே மாத்திடலாம். ஒரே கட்டளைக்கு ரெண்டு விதி பொருந்தினா, கடைசியா வர்றதுதான் செல்லும். அதனால விலக்கைக் கீழே எழுதுங்க.

மாற்றம் எதுவா இருந்தாலும் 'விசூடோ' வழியாத்தான் செய்யணும். சேமிக்கும் முன் எழுத்துப் பிழை இருந்தா அது சொல்லிடும். சாதாரண எடிட்டரில் திருத்தி ஒரு புள்ளி தப்பினாலும் சூடோவே வேலை செய்யாம போகலாம். உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியே வர்றதால, அப்புறம் பெரும்பாலும் ரெகவரி மோடுதான் கதி.

இன்னைக்கே உங்க கம்ப்யூட்டர்ல 'சூடோ -எல்' அடிங்க. உங்களுக்கு எதுக்கெல்லாம் அனுமதி இருக்குன்னு பட்டியல் வரும். அதுல பாஸ்வேர்ட் இல்லாம ஓடுற வரி ஏதாவது இருந்தா, அது யார் வசதிக்காகன்னு ஒருதரம் யோசிங்க.