ஊரார் கேட்ட கணக்கு

ஊராட்சியின் கணக்கேடு பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பின் ஊரார்க்கு யாது பயன்? இராஜஸ்தான் மாநிலத்துக் கோட்கிரானா என்னும் சிற்றூரில், 1994-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் அமைப்பினர் ஊர்ப்பணிகளின் கூலிப்பட்டியலைப் பலரறிய உரக்கப் படித்தனர். எழுத்தறியாதாரும் செவியாற் கேட்டு உண்மை உரைத்தனர். தாம் பெற்ற கூலியை யார்தாம் மறப்பர்? இத்தகைய அவைகள் பிற ஊர்களிலும் கூடின. வேலைக்கு வாராதார் பெயரிலும், இறந்தார் பெயரிலுங்கூடக் கூலி எழுதப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. ஆயினும் அக்கணக்குகளின் படியைப் பெறுவதே பெரும்பாடாயிற்று. ஆதலின் 1996-இல் மக்கள் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்து அறப்போர் நிகழ்த்தினர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் இயற்றப்பெற்றது. அதன்படி, குடிமகன் எழுத்து மூலம் கேட்கும் வினாவிற்கு அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளித்தல் வேண்டும்.